அட்லாண்டா முதல் மெம்ஃபிஸ் வரை: சோல் ஃபுட் தேடிப் போனவர்களின் குறிப்புகள்

வழித்துணை:
சோல் ஃபுட் என்பது அமெரிக்கத் தென்மாநிலக் கறுப்பின மக்களின் சமையல். அதைத் தேடிப் போகும் வழி இது: அட்லாண்டா, மாண்ட்காமரி, செல்மா, ஜாக்சன், கிரீன்வில், கிளார்க்ஸ்டேல், மெம்ஃபிஸ். எல்லாம் சேர்த்து 700 மைலுக்குக் கொஞ்சம் குறையும். மூன்று நாளில் ஓட்டிவிடலாம், வயிறு நான்கு நாள் கேட்கும். இந்தப் பக்கத்தில் மதியச் சாப்பாடுதான் சாப்பாடு. சின்னக் கடைகள் பல 11 மணிக்குத் திறந்து 2, 3 மணிக்கெல்லாம் சாத்திவிடும். ஞாயிறோ திங்களோ விடுமுறை விடுவதும் சகஜம். கூகுளில் போட்டிருக்கும் நேரத்தை நம்பாமல் காலையில் ஒரு போன் போட்டுவிடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு பெரிய கடை, அதுவும் மதியம். வண்டி ஓட்டுவதை மாலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அட்லாண்டாவில் பாஸ்கல்ஸ், பிஸி பீ கஃபே இரண்டுமே 1947-ல் தொடங்கியவை. மார்ட்டின் லூதர் கிங்கும் கூட்டாளிகளும் கூடிப் பேசிய கடை பாஸ்கல்ஸ். இப்போது வேறு கட்டடத்தில் இருக்கிறது. குடும்பத்தோடு சாவகாசமாக உட்கார அது வசதி. ஃபிரைடு சிக்கன் மட்டும்தான் குறி என்றால் பிஸி பீ.

கரண்டி:
வரிசையில் நிற்கும்போதே முடிவு பண்ணிடுங்க, முன்னாடி போய் நின்னு யோசிச்சா பின்னாடி இருக்கிறவங்க முறைப்பாங்க. ‘மீட் அண்ட் த்ரீ’ன்னா ஒரு இறைச்சி, மூணு காய்கறி, கூட ஒரு கார்ன்பிரெட் அல்லது பன். மேக் அண்ட் சீஸும் (சீஸ் போட்ட மக்ரோனி) காய்கறிக் கணக்குலதான் வரும், சிரிக்காதீங்க. முதல்ல தீர்ந்துபோறது ஆக்ஸ்டெயில், அதாவது மாட்டு வால். அது வேணும்னா 11:30-க்குள்ள உள்ளே இருக்கணும். மேக் அண்ட் சீஸ் ட்ரேயில ஓரம் காய்ஞ்சு எண்ணெய் பிரிஞ்சு நின்னா ரொம்ப நேரமா சூட்டுல கிடக்குதுன்னு அர்த்தம், வேற எடுங்க. சிக்கன் புதுசா பொரிச்சுத் தரச் சொன்னா 15, 20 நிமிஷம் ஆகும். அந்த நேரம் காத்திருக்கிறது வீணே இல்ல. ஞாயித்துக்கிழமை சர்ச் விட்டதும் கூட்டம் மொத்தமா வரும். அதுக்கு முன்னாடியே முடிச்சுக்கோங்க.

தயிர்சாதம்:
சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இதில் ஏதாவது கிடைக்குமா? கீரை, பயறு எல்லாம் மெனுவில் நிறைய இருக்கிறதே?

பயறுச்சட்டி:
அங்கேதான் எல்லாரும் ஏமாறுவது. காலர்ட் கீரை, தட்டைப்பயறு, பச்சை பீன்ஸ் மூன்றுமே பெரும்பாலும் புகைபோட்ட பன்றிக் கணுக்காலோடு வெந்தவை. சில கடைகளில் அதற்குப் பதில் புகைபோட்ட வான்கோழி. “இதில் மீட் இருக்கிறதா?” என்று கேட்டால் “இல்லை” என்றுதான் பதில் வரும், ஏனென்றால் அவர்கள் கணக்கில் அது வெறும் சுவைக்குப் போட்டது. “இஸ் இட் சீசன்டு வித் மீட்?” என்று கேளுங்கள், சரியான பதில் கிடைக்கும். கார்ன்பிரெட்டில் பன்றிக்கொழுப்பு இருக்கலாம், பீச் காப்ளர் என்ற பழ இனிப்பின் மேல்மாவிலும் இருக்கலாம். வெண்டைக்காய்ப் பொரியல் மீன் பொரித்த அதே எண்ணெயில் பொரிவது வழக்கம். ஓரளவு நம்பிக்கையானவை கேண்டிடு யாம், முட்டைக்கோஸ் ஸ்லா, தக்காளித் துண்டு. யாம் என்று பெயர்தான், தட்டில் வருவது சர்க்கரைவள்ளிக் கிழங்கு. வெல்லப்பாகு அளவுக்குத் தித்திக்கும்.

தட்டைப்பயறும் வெண்டையும் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமை வணிகக் காலத்தில் இங்கே வந்தவை. நம் சமையலறைக்கும் பழக்கமானவை என்பதால் வீட்டில் சைவமாகச் செய்துகொள்வது சுலபம். கீரைதான் பக்குவம் கேட்கும். இரண்டு கட்டு காலர்ட், ஏறக்குறைய ஒரு கிலோ. மணல் ஒட்டியிருக்கும், மூன்று தண்ணீரில் அலசி, நடுத்தண்டைக் கிழித்தெடுத்து, இலைகளைச் சுருட்டி விரல் அகலத்துக்கு நறுக்குங்கள். வெங்காயம், பூண்டு, ஒரு ஸ்பூன் புகைபோட்ட பாப்ரிகா தாளித்து, நான்கு கப் தண்ணீர் விட்டு, மெல்லிய தீயில் 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம். வினிகரை இறக்கும்போதுதான் ஊற்ற வேண்டும். முதலிலேயே புளிப்புச் சேர்த்தால் இலை சீக்கிரம் மசியாது, நிறமும் பழுப்படிக்கும். கீழே நிற்கும் சாறுக்குப் ‘பாட்லிக்கர்’ என்று பெயர், அதைக் கொட்டிவிடாதீர்கள். கார்ன்பிரெட்டைப் பிட்டு அதில் முக்கிச் சாப்பிடுவதுதான் முறை. கடை மேசையில் பச்சைமிளகாய் ஊறும் வினிகர் புட்டி இருக்கும், அது கீரைக்காக வைத்தது.

நதிக்கரை:
ஜாக்சனில் ஃபாரிஷ் தெருவில் பிக் ஆப்பிள் இன். குட்டிப் பன்னுக்குள் மெத்தென்று வெந்த பன்றிக் காது, கடுகு சாஸ், ஸ்லா. மாடியில்தான் கறுப்பின உரிமைப் போராளி மெட்கர் எவர்ஸின் அலுவலகம் இருந்தது. காது வேண்டாம் என்றால் ‘ஸ்மோக்’ என்று கேளுங்கள், சாசேஜ் வைத்துத் தருவார்கள்.

அங்கிருந்து மிசிசிப்பி டெல்டாவுக்குள் போனால் ஹாட் டமாலே, இறைச்சியை மாவில் பொதிந்து சோளத் தோலில் சுற்றிய பொட்டலம். மெக்சிகோ டமாலேயைவிடச் சின்னது. மாவு சோளமாவு, ஆவியில் வைக்காமல் மசாலாத் தண்ணீரிலேயே கொதிக்கவிடுவார்கள். அதனால் பொட்டலத்தைப் பிரித்ததும் சிவந்த சாறு வழியும். காரில் மடியில் வைத்துச் சாப்பிட நினைக்காதீர்கள். மூன்று மூன்றாக நூல் கட்டி, அரை டஜன், ஒரு டஜன் கணக்கில் விற்பார்கள். மேலே சுற்றியிருக்கும் சோளத் தோலை உரித்து உள்ளே இருப்பதை உப்பு பிஸ்கட்டில் வைத்துச் சாப்பிட வேண்டும். தோலோடு கடிக்கிறவர்களும் உண்டு! கிரீன்வில்லில் டோஸ் ஈட் பிளேஸ் 1941-லிருந்து இருக்கிறது. அங்கே மட்டும் இரவுச் சாப்பாடு.

கரண்டி:
சிக்கனை பார்சல் வாங்கினா மூடியை இறுக்காதீங்க. சொந்த ஆவியிலேயே தோல் நமுத்துப் போயிடும். பெட்டியைத் திறந்து வெச்சு, அடியில பேப்பர் போட்டு, பின் சீட்டுல வையுங்க. ரெண்டு மணி நேரம்தான் கணக்கு. வெயில் 90 டிகிரி ஃபாரன்ஹீட் தாண்டினா ஒரு மணி நேரம். அதுக்கு மேல ஐஸ் பெட்டிக்குள்ள போயிடணும். சூடு பண்ண மைக்ரோவேவ் வேண்டாம். 375 டிகிரி ஃபாரன்ஹீட் ஓவன்ல கம்பித் தட்டு மேல 15, 20 நிமிஷம். மெம்ஃபிஸ்ல த ஃபோர் வே 1946-லேர்ந்து இருக்கு. அங்க கேட்ஃபிஷ் எடுங்க, சோளமாவு தடவிப் பொரிச்சது. மீன் மட்டும் பார்சல் வேலைக்கு ஆகாது, அங்கேயே முடிச்சுடுங்க.

வழித்துணை:
இரண்டு விஷயம் விட்டுப்போனது. 20, 40 டாலர் ரொக்கம் வைத்திருங்கள், கார்டு எடுக்காத கடைகள் உண்டு. ஸ்வீட் டீ நம் ஊர் டீக்கடை அளவையும் தாண்டிய இனிப்பு. ‘ஹாஃப் அண்ட் ஹாஃப்’ என்றால் சர்க்கரை போடாத டீயைப் பாதி கலந்து தருவார்கள்.

அப்புறம் நேரம். அட்லாண்டாவில் காலை 9-க்குக் கிளம்பினால் 160 மைல், இரண்டரை மணி நேரம், ஆனால் மாண்ட்காமரி கடிகாரம் அட்லாண்டாவைவிட ஒரு மணி நேரம் பின்னால் ஓடுவதால் அங்கே 10:30-தான். கடை திறக்கும்முன் போய் நிற்கலாம். இதே பயணத்தை மெம்ஃபிஸிலிருந்து தொடங்கினால் அந்த ஒரு மணி நேரம் கையைவிட்டுப் போகும்: மாண்ட்காமரியில் மதியம் 12-க்குக் கிளம்பினால் அட்லாண்டாவில் மணி 3:30.