மோலி வாயில் வெள்ளைப் படலம்: ஃபங்கஸா, வேறு ஏதாவதா?

கேள்வி (கருப்புமோலி):
60 லிட்டர் மீன்தொட்டி. நாலு கருப்பு மோலி மீன், கொஞ்சம் கோரிடோரஸ் (அடியில் மேயும் சிறு கெளுத்தி). ஒரு மோலியின் உதட்டைச் சுற்றி நேற்று சாம்பல் கலந்த வெள்ளைப் படலம் வந்தது. இன்று முதுகுத் துடுப்புக்குக் கீழே இரண்டு பக்கமும் வெளிறிவிட்டது. தீனிக்கு ஓடி வருகிறது, வாயில் வாங்கித் துப்பிவிடுகிறது. தண்ணீர் 28 டிகிரி. ஒருவர் வெள்ளைப் புள்ளி நோய், ஹீட்டரை 31க்கு ஏற்று என்கிறார். இன்னொருவர் ஃபங்கஸ் என்கிறார். கல் உப்பும் மெத்திலீன் புளூ என்ற நீல மருந்தும் கையில் இருக்கின்றன. எதைப் போடுவது?

பதில் (செவுள்):
ஹீட்டரை ஏற்றவே ஏற்றாதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் காலம்னாரிஸ் மாதிரி இருக்கிறது. அது பாக்டீரியா. சூடான தண்ணீரில் இன்னும் வேகமாகப் பரவும், மோசமான வகையாக இருந்தால் ஓரிரு நாளில் மீன் போய்விடும். வாயோரப் படலமும், முதுகில் சேணம் போட்டது போன்ற வெளிறலும்தான் அதன் முகம்.

வெள்ளைப் புள்ளி தனித்தனி மணியாக, உப்புத் தூள் அளவில் தெரியும். அந்த ஒட்டுண்ணிக்கு வெப்பம் ஏற்றுவதில் அர்த்தம் உண்டு: அதன் சுழற்சி வேகமாகி, மருந்துக்குச் சிக்கும் நீந்தும் பருவம் சீக்கிரம் வரும். தோலுக்குள் இருக்கும்போது மருந்து அதைத் தொடாது. நிஜமான பூஞ்சையோ பஞ்சு நூல் போலத் துருத்திக்கொண்டு நிற்கும், பெரும்பாலும் ஏற்கெனவே இருந்த காயத்தில்தான் பிடிக்கும். டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். பொன்தூள் தூவியது போல மினுங்கினால் அது வெல்வெட் என்ற இன்னொரு ஒட்டுண்ணி நோய், வேறு கதை.

அந்த மோலியைத் தனித் தொட்டிக்கு மாற்றி, ஏர் ஸ்டோன் (காற்றுக் குமிழி விடும் கல்) போடுங்கள். வெப்பத்தை நாளுக்கு ஓரிரு டிகிரியாக 24, 25க்கு இறக்குங்கள். உப்பு லிட்டருக்கு 2 கிராம், வெளியே கரைத்து இரண்டு மூன்று தவணையாக. ஆனால் உப்பு துணைதான். முதுகு வரை வந்துவிட்டதால் ஆன்டிபயாட்டிக் தேவைப்படும். கனமைசின் போன்றவை இதற்குப் பயன்படுகின்றன. அளவை மீன் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள், குத்துமதிப்பாகப் போட வேண்டாம். பில்டரில் கார்பன் இருந்தால் எடுத்துவிடுங்கள், மருந்தை உறிஞ்சிவிடும்.

பதில் (பாசிப்பச்சை):
மேலே சொன்னது சரி. பெரிய தொட்டியில் மட்டும் மெத்திலீன் புளூ ஊற்றாதீர்கள், பில்டரில் வாழும் நல்ல பாக்டீரியாவும் போய்விடும், சிலிகான் ஒட்டும் நீலமாகிவிடும். உப்பையும் அங்கே கொட்ட வேண்டாம், செடி இருந்தால் தாங்காது. அம்மோனியா பார்த்தீர்களா?

கருப்புமோலி:
தனியாக மாற்றிவிட்டேன். பெரிய தொட்டியில் அம்மோனியா 0.5 பிபிஎம், பிஹெச் 8. மற்ற மீன்கள் நன்றாகத்தான் இருக்கின்றன.

பதில் (செவுள்):
அந்த 0.5தான் இதற்கு வழி விட்டிருக்கும். பிஹெச் 8-இல் அம்மோனியாவின் விஷம் கூடுதல். இன்றே கால் பங்குக்கு மேல் தண்ணீர் மாற்றுங்கள், புதுத் தண்ணீரில் குளோரின் நீக்கி மறக்காமல். தீனியைக் குறையுங்கள், அம்மோனியா பூஜ்யமாகும் வரை தினமும் அளந்து பாருங்கள். மற்ற மோலிகளின் உதட்டையும்தான். வலை, குழாய் எல்லாம் இரண்டு தொட்டிக்கும் தனித்தனி. அப்புறம், விரலில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை போடுங்கள். மீன்தொட்டித் தண்ணீரிலிருந்து மனிதத் தோலுக்கு வரும் ஒரு மைக்கோபாக்டீரியா உண்டு, ஆற மாதக்கணக்காகும்.