எந்தப் பாடி? 'கூண்டுக் கட்டுப்பாட்டகம்' என்ற சொல்லுக்காக

நண்பர்களுக்கு வணக்கம்.

வண்டியில் விளக்கு, வைப்பர், ஹாரன் போன்றவற்றை இயக்கும் மின்னணுப் பெட்டிக்கு 'பாடி கன்ட்ரோல் மாட்யூல்' என்று பெயர். அதற்குத் தமிழில் 'உடல் கட்டுப்பாட்டுத் தொகுதி' என்று வைத்துவிடலாம் என்ற பக்கமே பலரும் சாய்ந்திருக்கிறீர்கள். முடிவு செய்வதற்கு முன் ஒரு லாரிக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

என் மைத்துனர் புது லாரி சேசிஸ், அதாவது மேலே சரக்குப் பாடி கட்டாத அடிச்சட்டம், வாங்கி நாமக்கல் பக்கம் பாடி கட்டினார். வண்டி ஓடத் தொடங்கிய மூன்றாம் மாதம், கிருஷ்ணகிரிக்கு அருகே கோளாறு. இடது இன்டிகேட்டர் அணையவே இல்லை, வைப்பர் பாதியில் நிற்கிறது, ஹாரன் ஒலிக்கவில்லை. பக்கத்துப் பட்டறையில் பார்த்துவிட்டு டிரைவர் போன் செய்தார்: "அண்ணே, பாடி மாட்யூல் போயிடுச்சாம், மாத்தணும்கிறாங்க." மைத்துனர் அடுத்த நிமிடம் பாடி கட்டியவர்களைக் கூப்பிட்டுச் சண்டை பிடித்தார். அவருக்குப் பாடி என்றால் சரக்கு ஏற்றுகிற பாடிதான். நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி வட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். அரை நாள் இதிலேயே போனது.

வண்டிப் பொறியியலில் 'பாடி' என்பது ஒரு துறைப் பிரிவு. இயக்கும் பகுதி ஒன்று, அடிச்சட்டமும் பிரேக்கும் ஸ்டீயரிங்கும் ஒன்று, மீதி எல்லாம் பாடி. கார்களில் ஸ்கேனர் காட்டும் கோளாறு எண்களையும் இப்படித்தான் பிரித்திருக்கிறார்கள். வண்டியில் உள்ள மின்னணுப் பெட்டிகளுக்கிடையே பேச்சு அறுந்தால் அதற்கு நான்காவதாகத் தனி வகை. விளக்கு, வைப்பர், ஹாரன், கதவுப் பூட்டு, கண்ணாடி ஏற்றி இறக்குவது, பல வண்டிகளில் சாவியை அடையாளம் காண்பது ஆகியவை பாடி மாட்யூல் என்கிற இந்தப் பெட்டியின் வேலை. இதில் உடலும் இல்லை, சரக்குப் பாடியும் இல்லை. 'உடல் கட்டுப்பாடு' என்று படிக்கிற ஐடிஐ மாணவருக்கு உடற்பயிற்சிதான் நினைவுக்கு வரும்.

சரி, கோளாறுக்கு வருகிறேன். பெட்டியை மாற்றச் சொன்னவர்கள் ஸ்கேனரை மட்டும் பார்த்திருந்தார்கள். இரண்டாவதாகப் பார்த்த வயதான எலக்ட்ரீஷியன், பெட்டியைத் தொடுவதற்கு முன் பேட்டரி வோல்ட், ஃபியூஸ், எர்த்து என்ற வரிசையில் போனார். எல்லா விளக்கையும் எரியவிட்டு, பெட்டியின் எர்த்து முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே மீட்டரை வைத்தார். 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது ஏறக்குறைய 2 வோல்ட் காட்டியது. எர்த்து போல்ட்டின் அடியில் பெயின்ட் ஏறியிருந்தது. அதைச் சுரண்டி இறுக்கியதும் வைப்பரும் ஹாரனும் சரியாகிவிட்டன. முதல் பட்டறை இந்த இரண்டுக்கும் பெட்டியைத்தான் குற்றம் சொல்லியிருந்தது!

அப்புறம் கேன் (CAN) கம்பிகளை, அதாவது பெட்டிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் இரட்டைக் கம்பிகளைப் பார்த்தார். பாஷ் நிறுவனம் 1986இல் வெளியிட்ட இந்த முறையில், இரு முனையிலும் 120 ஓம் மின்தடை இருக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு இரண்டு கம்பிகளுக்கும் நடுவே அளந்தால் 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் ஒரு முனை அறுந்திருக்கிறது. இங்கே 60 வந்தது, ஆக அந்த முனைகளில் அறுப்பு இல்லை. மிஞ்சியது இன்டிகேட்டர் மட்டும். அந்த வயரைப் பெட்டியிலிருந்து பிரித்து, வெளியே வரும் பின்னில் ஒரு சோதனை பல்பை வைத்தார். ஸ்கேனரில் இன்டிகேட்டர் 'அணை' என்றே இருந்தது, பல்போ எரிந்துகொண்டே இருந்தது. உள்ளே இருக்கும் மின்னணுச் சுவிட்ச் ஒட்டிக்கொண்டுவிட்டது. இப்போதுதான் பெட்டி உண்மையிலேயே போய்விட்டது என்று சொல்ல முடியும்.

அது ஏன் போனது? பாடி கட்டும்போது பேட்டரியையும் இந்தப் பெட்டியின் கனெக்டர்களையும் கழற்றாமல் சேசிஸில் வெல்டிங் வைத்திருந்தார்கள். அதனால்தான் போனது என்று மூன்று மாதம் கழித்து நிரூபிக்க முடியாது. ஆனால் வெல்டிங் மின்னோட்டம் இப்படிப்பட்ட பெட்டிகளைக் கெடுக்கும் என்பதால்தான் கழற்றச் சொல்கிறார்கள். இந்த எச்சரிக்கையைப் பட்டறைச் சுவரில் எப்படி எழுதுவீர்கள்? 'பாடி வெல்டிங்குக்கு முன் பாடி மாட்யூலைக் கழற்று' என்றா? படிப்பவருக்கு இரண்டு பாடியும் ஒன்றாகவே தெரியும்.

ஆகவே நான் முன்வைக்கும் சொல் 'கூண்டுக் கட்டுப்பாட்டகம்'. கூண்டு வண்டி நமக்குப் பழக்கமானது. அச்சுக்கும் சக்கரத்துக்கும் மேலே, ஆள் உட்கார வளைத்துக் கட்டியது கூண்டு. சேசிஸுக்கு 'அடிச்சட்டம்' என்று ஏற்கெனவே வைத்திருக்கிறோம், அதற்குப் பக்கத்தில் கூண்டு இயல்பாக உட்காருகிறது. 'எஞ்சின் கட்டுப்பாட்டகம்' என்பதற்கும் இணையாக வரும். 'தொகுதி' வேண்டாம். அது பலவற்றின் சேர்க்கையைக் குறிக்கும் சொல். இது ஒரே பெட்டி.

பின்விளக்கு கூண்டுக்கு வெளியேதானே இருக்கிறது என்று கேட்பீர்கள். ஆமாம், ஆனால் அதற்கான சுவிட்ச் டிரைவரின் கைக்கு எட்டும் இடத்தில், கூண்டுக்குள் இருக்கிறது. அந்தச் சுவிட்சை இந்தப் பெட்டிதான் படித்து விளக்குக்கு மின்சாரம் அனுப்புகிறது. மாட்டு வண்டியிலும் அரிக்கேன் அடியில்தான் தொங்கியது, ஏற்றுவதும் அணைப்பதும் வண்டிக்காரர்தான். கூண்டு என்றால் கிளிக்கூண்டு, நீதிமன்றக் கூண்டு என்று தோன்றும் என்பதையும் யோசித்தேன். வண்டி என்ற இடத்தில் வைத்துச் சொல்லும்போது அந்தக் குழப்பம் வராது என்றே நினைக்கிறேன்.

இன்னொரு சொல்லும் வேண்டும். புதுப் பெட்டியைப் பொருத்தியதும் வண்டி கிளம்பவில்லை. சேசிஸ் எண், எந்தெந்த வசதிகள் உண்டு என்ற விவரம், சாவி, இவ்வளவையும் பெட்டிக்குச் சொல்லித்தந்த பிறகுதான் எஞ்சின் பிடித்தது. பழைய வண்டியில் கழற்றிய பெட்டியை வாங்கிப் போட்டவர்கள் மாட்டிக்கொள்வதும் இங்கேதான், அதில் வேறு வண்டியின் விவரம் இருக்கும். பட்டறையில் இதைக் 'கோடிங் போடுவது' என்கிறார்கள். புது மாட்டை வண்டிக்குப் பழக்குவது போல, 'பெட்டியைப் பழக்குதல்' என்று சொல்லலாமா? 'நிரலாக்கம்' என்றால் நிரல் எழுதுவது என்று ஆகிவிடும். இங்கே யாரும் நிரல் எழுதவில்லை.

சுருக்கெழுத்து ஒன்று தேவை என்றால் 'கூ.க.' வேண்டாம். பாடநூலில் கூண்டுக் கட்டுப்பாட்டகம் என்று முழுமையாக இருக்கட்டும், பட்டறையில் 'கூண்டுப் பெட்டி' என்றாலே போதும். அந்த எலக்ட்ரீஷியனிடம் சொல்லிப் பார்த்தேன். எது என்று அவர் திருப்பிக் கேட்கவில்லை.