ராட்டினத் தூரிக்கு எந்தக் கரண்ட்?

(குடும்ப வாட்ஸ்அப் குழு. பெயர்கள் என் போனில் சேமித்து வைத்திருக்கிறபடி.)

வெள்ளி, காலை 6:10

தோட்டத்து மாமா: 📷 புகைப்படம்

தோட்டத்து மாமா: எல்லோருக்கும் வணக்கம். அந்தியூர்த் தேருக்கு வருஷா வருஷம் கடை போடுகிற ராட்டினக்காரர் தொழிலை விடுகிறார். குடை ராட்டினத்தை நான் எடுத்துவிட்டேன். எட்டு இருக்கை. ஐந்து குதிரை, இரண்டு கார், ஒரு வாத்து. களத்தில் இறக்கியாகிவிட்டது. பேரன் பிறந்தநாளுக்கு ஓட்டலாம்.

கோவை அக்கா: மாமா!!! 😂😂

அத்தை: எனக்கும் நேற்று ராத்திரி லாரி வந்தபிறகுதான் தெரியும்.

சோமனூர் அண்ணன்: மோட்டார் விவரத் தகடு தெரிகிற மாதிரி ஒரு போட்டோ அனுப்புங்க மாமா.

தோட்டத்து மாமா: 📷 புகைப்படம்

சோமனூர் அண்ணன்: 5 எச்பி, 415 வோல்ட், டெல்டா (உள்ளே காயில்களை இணைத்திருக்கிற விதம்), 1440 சுற்று. மூன்று ஃபேஸ் மோட்டார். உங்கள் வீட்டுக்கு வருவது ஒரு ஃபேஸ்தானே?

தோட்டத்து மாமா: வீட்டுக்கு ஒரு ஃபேஸ்தான். கிணற்றில் மூன்று ஃபேஸ் இருக்கிறதே. களத்திலிருந்து நூறடி. ஸ்டார்ட்டர்ப் பெட்டியிலிருந்து ஒரு வயரை இழுத்தால் வேலை முடிந்தது. அதுவும் இலவச மின்சாரம்.

ஈபி சித்தப்பா: மச்சான், அந்தப் பேச்சே வேண்டாம்.

ஈபி சித்தப்பா: முப்பத்து நான்கு வருஷம் அந்த இலாகாவில் வேலை பார்த்துவிட்டு, என் மாமனார் வீட்டுத் தோட்டத்திலேயே விவசாய இணைப்பில் ராட்டினம் ஓடியது என்று நான் கேள்விப்படக் கூடாது. தண்ணீர் இறைக்கக் கொடுத்த கரண்டை வேறு வேலைக்கு எடுத்தால் 2003 மின்சாரச் சட்டம் 126-ஆம் பிரிவு. அதற்குரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு போடுவார்கள். எத்தனை நாளாக ஓடுகிறது என்று தெரியாவிட்டால் ஒரு வருஷத்துக்குக் கணக்குப் பண்ணுவார்கள். ஒரு நாள் பிறந்தநாள் என்று சொல்லி யாரிடம் நிரூபிப்பீர்கள்?

தோட்டத்து மாமா: சரி மாப்பிள்ளை, கோபப்படாதீர்கள். கிணற்று மோட்டாரை அந்தக் காலத்தில் கண்டென்சர் போட்டு இரண்டு ஃபேஸில் ஓட்டினோமே, அது மாதிரி வீட்டு லைனில் ஓட்ட முடியாதா?

ஈபி சித்தப்பா: ஓட்டினோம். எத்தனை தடவை காயில் கட்டினோம் என்பதையும் சொல்லுங்கள்.

சோமனூர் அண்ணன்: பம்பு ஒரே லோடில் ஓடும் மாமா. கண்டென்சர் அளவு அந்த ஒரு லோடுக்குத்தான் பொருந்தும். ராட்டினத்தில் இரண்டு பிள்ளை ஏறினால் ஒரு லோடு, எட்டுப் பேர் ஏறினால் ஒரு லோடு. கிளம்பும்போது வேறு. ஒரு காயில் மட்டும் சூடேறி எரியும்.

தம்பி: வீட்டு இன்வெர்ட்டர் சும்மாதானே இருக்கிறது?

சோமனூர் அண்ணன்: 900 விஏ இன்வெர்ட்டரா? ஃபேனும் லைட்டும் ஓடட்டும் தம்பி.

கோவை அக்கா: பந்தல்காரரிடம் ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்தால்?

சோமனூர் அண்ணன்: எடுக்கலாம். திருவிழாவில் அப்படித்தான் ஓடுகிறது. ஆனால் 5 எச்பிக்கு 5 கேவிஏ போதும் என்று கொண்டுவந்து நிறுத்திவிடுவார்கள். இந்த மோட்டார் ஓடும்போது 7, 8 ஆம்பியர்தான். நேராக ஸ்டார்ட் பண்ணினால் அந்த நொடியில் ஆறு மடங்கு இழுக்கும், 45 ஆம்பியர் பக்கம். சின்ன ஜெனரேட்டர் உறுமிக்கொண்டு நிற்கும், ராட்டினம் நகராது. 15 கேவிஏ வேண்டும். பேரனுக்கு அடுத்த வாரம் மறுபடி சுற்ற ஆசை வந்தால் மறுபடி வாடகை.

அத்தை: அடுத்த வாரமா? தினமும் கேட்பான்.

தம்பி: 1893-இல் சிகாகோ கண்காட்சியில் ஃபெரிஸ் என்பவர் வைத்த ராட்டினம் 264 அடி உயரம். அதற்கு 1000 எச்பி நீராவி எஞ்சின். நாம் 5 எச்பிக்கு அழுகிறோம்.

தோட்டத்து மாமா: அவருக்கு ஈபியில் மாப்பிள்ளை இல்லை.

ஈபி சித்தப்பா: 🙂

வெள்ளி, இரவு 9:25

சோமனூர் அண்ணன்: மாமா, தறி ஓடுகிற சத்தத்தில் யோசித்துக்கொண்டே இருந்தேன். இந்தக் குடைக்கு 5 எச்பி எதற்கு என்று தெரியவில்லை. திருவிழாவில் ஆள் ஏற்ற ஏற்ற நொடியில் கிளப்ப வேண்டும், அதற்குப் போட்டிருப்பார்கள். இல்லாவிட்டால் அன்றைக்குக் கையில் கிடைத்த மோட்டார் அதுவாக இருந்திருக்கும். நமக்கு எவ்வளவு வேண்டும் என்று அளந்து பார்த்துவிடலாம்.

நான்: கிளாம்ப் மீட்டர் போட்டா அண்ணா?

சோமனூர் அண்ணன்: அதை நம்பாதே. 5 எச்பி மோட்டார் பெல்ட் இல்லாமல் சும்மா சுற்றினாலே 3 ஆம்பியர் பக்கம் காட்டும். லோடு அதில் தெரியாது. மாமா, வாழைத்தார் எடை போடுகிற கொக்கித் தராசு இருக்கிறதா?

தோட்டத்து மாமா: ஸ்பிரிங் தராசா? 50 கிலோ வரை இருக்கிறது.

சோமனூர் அண்ணன்: அதுதான். மோட்டார் பெல்ட்டைக் கழற்றுங்கள். எட்டு இருக்கையிலும் ஆளுக்குப் பதில் ஒவ்வொரு மூட்டை வையுங்கள். ஓரத்து வளையத்தில் கயிறு கட்டி, நடுவில் தராசை மாட்டி, ஒருவர் சாதாரண நடையில் இழுத்துக்கொண்டே சுற்ற வேண்டும். இன்னொருவர் கூடவே நடந்து முள்ளைப் பார்க்க வேண்டும். கிளம்பும்போது எவ்வளவு, ஓடும்போது எவ்வளவு, இரண்டும் வேண்டும்.

அத்தை: எந்த மூட்டை?

தோட்டத்து மாமா: புண்ணாக்கு மூட்டை இருக்கிறது. 50 கிலோ.

அத்தை: மாட்டுக்கு வாங்கி வைத்தது. கிழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சனி, காலை 8:40

தோட்டத்து மாமா: 🎤 குரல் பதிவு (1:52)

கோவை அக்கா: ஆபீஸில் இருக்கிறேன், யாராவது எழுதுங்களேன்.

நான்: மாமா இழுத்தார், நான் முள் பார்த்தேன். கிளம்ப 22 கிலோ. கிளம்பியபின் 12 கிலோவிலேயே நிற்கிறது. விட்டம் சரியாக 4 மீட்டர். கயிற்றை விட்ட பிறகு பத்து நொடி தானாகச் சுற்றி நின்றது. மாமாவுக்கு மூச்சு வாங்குகிறது.

சோமனூர் அண்ணன்: நடை வேகம் நொடிக்கு ஒண்ணேகால் மீட்டர் என்று வை. 12 கிலோ இழுவை என்றால் 120 நியூட்டனுக்குக் கொஞ்சம் குறைவு. பெருக்கிப் பார்.

நான்: 150 வாட்.

தம்பி: மிக்ஸியை விடக் குறைவா!

சோமனூர் அண்ணன்: பெல்ட், கியர் எல்லாம் கொஞ்சம் தின்னும். எப்படிப் பார்த்தாலும் 1 எச்பி, அதாவது 746 வாட், தாராளம். மோட்டாருக்கும் குடைக்கும் நடுவில் என்ன இருக்கிறது மாமா?

தோட்டத்து மாமா: இரண்டு பெல்ட். அப்புறம் ஏதோ பழைய கார் டிஃபரன்ஷியல், பின் அச்சில் இருக்கிற கியர். அம்பாசிடர் என்றார் ராட்டினக்காரர். மோட்டார் முழு வேகத்தில் ஓடினால் நிமிஷத்துக்கு எட்டுச் சுற்று வருமாம்.

சோமனூர் அண்ணன்: அப்படியானால் பெல்ட், கியர் தின்றது போகவும் 1 எச்பி மோட்டார் ஓரத்தில் 30 கிலோ வரை இழுக்கும். கிளம்ப வேண்டியது 22. சரியாகிவிட்டது. என்னிடம் தறிக்கு நூல்தார் சுற்றுகிற மெஷினில் இருந்து கழற்றிய 1 எச்பி மோட்டார் ஒன்று கிடக்கிறது, கூடவே அதன் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற டிரைவ் பெட்டியும்.

ஈபி சித்தப்பா: அதுவும் மூன்று ஃபேஸ்தானே?

சோமனூர் அண்ணன்: மோட்டார் மூன்று ஃபேஸ். ஆனால் டிரைவுக்கு வீட்டு 230 வோல்ட் ஒரு ஃபேஸ் கொடுத்தால் போதும் சித்தப்பா. அதை டிசியாக்கி, அதிலிருந்து மூன்று ஃபேஸைத் தானே உண்டாக்கிக் கொடுக்கும். ஒரே குறை, உள்ளே 230 போனால் வெளியேயும் 230தான் வரும், 415 வராது. மாமாவின் 5 எச்பி மோட்டார் டெல்டாவில் 415 கேட்கிறது. அதற்கு இது ஆகாது. என் சின்ன மோட்டார் ஸ்டாரில் 415, அது காயில்களை இணைக்கிற இன்னொரு விதம். மூடியைத் திறந்து பட்டையை மாற்றி டெல்டாவாக்கிவிட்டால் அதே காயிலுக்கு 230 போதும்.

தோட்டத்து மாமா: பாதி புரிந்தது. மாப்பிள்ளை, இது சட்டத்துக்குச் சரியா?

ஈபி சித்தப்பா: வீட்டு மீட்டரில், வீட்டுப் பிள்ளைகளுக்கு ஓட்டினால் சரி. மிக்ஸி, கிரைண்டர் மாதிரிதான்.

தம்பி: ஊர்ப் பிள்ளைகளுக்கு டிக்கெட் போடலாமா? பத்து ரூபாய்?

ஈபி சித்தப்பா: ஒரு ரூபாய் வாங்கினாலும் அது வியாபாரம். வீட்டு இணைப்பில் கூடாது. சும்மா ஏற்றுங்கள்.

ஈபி சித்தப்பா: அப்புறம் இன்னொன்று. குடைமேல் சீரியல் லைட் சுற்றியிருக்கிறதே, அதற்குக் கரண்ட் எப்படிப் போகிறது?

தோட்டத்து மாமா: நடுத் தண்டில் பித்தளை வளையம் இருக்கிறது. கார்பன் பிரஷ் உரசிக்கொண்டே போகும்.

ஈபி சித்தப்பா: 230 வோல்ட், திறந்த வளையத்தில், கைக்கெட்டும் உயரத்தில். அதை இன்றைக்கே கழற்றிவிடுங்கள் மச்சான். பிள்ளைகள் வெறுங்காலோடு, ஈரக் களத்தில், இரும்புக் குதிரையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்காருவார்கள். மேலே சுற்றுகிற பகுதியில் ஒரு பைக் பேட்டரியை வைத்து 12 வோல்ட் எல்இடி போட்டுக்கொள்ளுங்கள். வளையமும் வேண்டாம், பிரஷும் வேண்டாம்.

கோவை அக்கா: இதற்காகவே சித்தப்பாவுக்கு ஒரு கும்பிடு 🙏

ஈபி சித்தப்பா: எர்த் குழி நானே வந்து போடுகிறேன். கரியும் கல் உப்பும் வாங்கி வையுங்கள்.

ஞாயிறு, மாலை 4:15

தோட்டத்து மாமா: பழைய புல்லி ஓட்டை 28 மில்லி. புது மோட்டார்த் தண்டு 19 மில்லி. லேத்தில் கொடுத்து, இடைவெளியை அடைக்கிற வளையமாக ஒரு புஷ் போட்டு வந்தாயிற்று. கடைக்காரர் எதற்கு என்று கேட்டார். சொன்னேன். அவர் பேத்தியையும் கூட்டி வருகிறாராம்.

சோமனூர் அண்ணன்: இன்றைக்கு நடந்தது, வராதவர்களுக்காக. முதலில் டிரைவை வீட்டு வராந்தாவில் வைத்து, அங்கிருந்து களம் வரை மோட்டார் வயர் இழுத்தோம். ஆன் பண்ணின உடனே வீட்டு ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கிற ஸ்விட்ச், டிரிப் ஆகி விழுந்துவிட்டது. மூன்று தடவை. மாமா அந்த ஆர்சிசிபியைக் கழற்றிவிட்டு நேராகக் கொடுக்கலாம் என்றார்.

ஈபி சித்தப்பா: அப்போது நான் பேசியதை இங்கே எழுத வேண்டாம்.

சோமனூர் அண்ணன்: டிரைவிலிருந்து மோட்டார் வரை போகிற வயர் நீளமானால் எர்த்துக்குக் கசிவு கூடும், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி தாங்காது. டிரைவை மோட்டார் பக்கத்திலேயே ஒரு பெட்டியில் வைத்து, வீட்டிலிருந்து வரும் நீளமான லைனை ஒரு ஃபேஸாக்கினோம். விழுவது நின்றுவிட்டது. அடுத்தது, நிறுத்துகிற நேரம் நான்கு நொடி வைத்திருந்தேன். நிறுத்தும்போது ஓவர் வோல்டேஜ் என்று காட்டி டிரைவ் விழுந்தது. குடையின் வேகம் மோட்டாரைத் திருப்பிச் சுற்றி டிரைவுக்கே கரண்டை அனுப்புகிறது. பன்னிரண்டு நொடி ஆக்கினேன், மெதுவாக வந்து நிற்கிறது. கிளம்பவும் பன்னிரண்டு. டிரைவில் 50 ஹெர்ட்ஸ் வைத்தால் முழு வேகம். 40-க்கு மேல் போகாதபடி பூட்டிவிட்டேன்.

தோட்டத்து மாமா: 50 வைத்தால் இன்னும் ஜோராக இருக்கும்.

சோமனூர் அண்ணன்: வேகம் இரண்டு மடங்கானால் வெளியே தள்ளுவது நான்கு மடங்காகும் மாமா. மூன்று வயசுப் பிள்ளை கம்பியை எவ்வளவு பிடிக்கும்?

அத்தை: பாஸ்வேர்டு போட்டுவிடு. இவரிடம் சொல்லாதே.

சோமனூர் அண்ணன்: போட்டாயிற்று அத்தை.

நான்: மறக்காமல் எல்லோரும் கவனிக்க: நடுவில் கரண்ட் போனால் குடை சட்டென்று நிற்காது, பத்து நொடி சுற்றித்தான் நிற்கும். பிள்ளைகள் குதித்துவிடக் கூடாது. சிவப்பு ஸ்டாப் பட்டன் பக்கத்தில் எப்போதும் ஒரு பெரியவர் நிற்க வேண்டும், போன் இல்லாமல். பெல்ட்டுக்குத் தகர மூடி போட்டாயிற்று. தாவணி, துப்பட்டா, தலைப்பின்னல் ஜாக்கிரதை.

செவ்வாய், மாலை 6:50

தோட்டத்து மாமா: 🎥 வீடியோ

கோவை அக்கா: அய்யோ, வாத்தில் உட்கார்ந்திருப்பது அம்மிச்சியா?!

தோட்டத்து மாமா: அம்மா குதிரைதான் கேட்டார்கள். காலைத் தூக்கிப் போட முடியவில்லை. வாத்துக்குச் சம்மதித்தார்கள். மூன்று தடவை சுற்றினார்கள்.

சோமனூர் அண்ணன்: மோட்டார் சூடா மாமா?

தோட்டத்து மாமா: இரண்டு மணி நேரம் ஓடியது. கை வைக்க முடிகிறது.

ஈபி சித்தப்பா: மீட்டர் பார்த்தீர்களா?

நான்: பார்த்தேன் சித்தப்பா. லைட், ஃபேன், பாட்டுப் பெட்டி எல்லாம் சேர்த்தே இரண்டு யூனிட்டுக்குள்தான்.

தோட்டத்து மாமா: அந்த 5 எச்பி மோட்டார் சும்மா கிடக்கிறது. அதற்கு ஏதாவது யோசனை?

ஈபி சித்தப்பா: மச்சான், படுங்கள்.

அத்தை: ஏழு புண்ணாக்கு மூட்டைதான் இருக்கிறது. எட்டாவது எங்கே?

தம்பி: காரில் இருக்கிறது அத்தை. சுற்றும்போது எடை சரியாக இருக்கட்டும் என்று அண்ணன் இறக்க வேண்டாம் என்றார்.