புது எஸ்எஸ்டி போட்டேன், டி-யும் ஈ-யும் காணவில்லை

தலவாக்கலை ஸ்டூடியோக்காரன் (கேள்வி):

எல்லோருக்கும் வணக்கம். தலவாக்கலை டவுனில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், பெரியபிள்ளைச் சடங்கு, அடையாள அட்டைப் படம் என்று ஓடுகிறது. கம்ப்யூட்டர் எட்டு வருசப் பழசு. காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு எதிர்க்கடையில் பிளேன்டீ குடித்து, கடைக்காரரோடு ஊர்க்கதை பேசிவிட்டு வந்தால்தான் போட்டோஷாப் திறந்திருக்கும். போன வாரம் கொழும்புக்குப் போனபோது பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் 256 ஜிபி எம்.2 எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்கை விட வேகமான, மதர்போர்டில் நேராகச் செருகும் சின்ன கார்டு) ஒன்று வாங்கி வந்தேன்.

உள்ளே ஏற்கனவே இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்று 1 டிபி, அதில் சி, டி. இன்னொன்று 2 டிபி, அது முழுக்க ஈ. புதுசை மதர்போர்டில் செருகி, ஒரு இலவச சாஃப்ட்வேரால் சி-யை மட்டும் அதற்குக் குளோன் செய்து, அதாவது அப்படியே படியெடுத்து, பயோஸில் (விண்டோஸுக்கு முன்னால் வரும் செட்டிங்) அதிலிருந்தே பூட் ஆகும்படி மாற்றினேன். விண்டோஸ் இப்போது கண் மூடித் திறப்பதற்குள் வருகிறது. ஆனால் 'திஸ் பிசி'யில் சி-யும் டிவிடியும் மட்டும்தான். டி-யும் இல்லை, ஈ-யும் இல்லை.

டி-யில் இருப்பது கல்யாணப் படங்கள். போனாலும் திட்டு வாங்கிக்கொண்டு சமாளிக்கலாம், ஆல்பம் எல்லாம் கொடுத்தாயிற்று. ஈ-யில்தான் என் உயிர் இருக்கிறது. மூன்று மாசியாகப் பக்கத்துத் தோட்டங்களுக்கு இரவில் நடந்து போய் எடுத்த காமன் கூத்து (ரதி, மன்மதன் கதையை ஆடும் கூத்து), 180 ஜிபி. ரதியாக ஆடிய ஒரு பெரியவர் இப்போது உயிரோடு இல்லை. வேறு பிரதியும் இல்லை. அதற்காகத் திட்டுகிறவர்கள் வரிசையில் வரவும், முதல் ஆளாக நானே நிற்கிறேன்.

கொட்டகலைப் பொடியன்:

அண்ணே, இது சின்ன விசயம். விண்டோஸ் சின்னத்தில் ரைட் கிளிக், டிஸ்க் மேனேஜ்மென்ட். திறந்ததும் இனிஷியலைஸ் பண்ணவா என்று கேட்கும், ஓகே. பிறகு நியூ சிம்பிள் வால்யூம், பார்மட், ஐந்து நிமிசம். நான் போன மாதம் அப்படித்தான் செய்தேன்.

ஹட்டன் ரிப்பேர்:

ஸ்டூடியோ அண்ணே, மவுஸிலிருந்து கையை எடுங்கள்! தம்பி சொன்னது வெறும் டிஸ்க்குக்குச் சரி. உங்களுடையதில் சரக்கு இருக்கிறது. இனிஷியலைஸ் கொடுத்தால் எந்தப் பிரிவு எங்கே தொடங்குகிறது என்ற அட்டவணையே போய்விடும். மேலே பார்மட்டும் செய்துவிட்டால், பிறகு ரெக்கவரிக்காரனைத் தேடிக் கொழும்புக்கு ரயில் ஏற வேண்டியதுதான். 'பார்மட் செய்தால்தான் பயன்படுத்தலாம்' என்று விண்டோஸ் கேட்டாலும் கேன்சல்.

மூன்று விசயம் பார்த்துச் சொல்லுங்கள். பயோஸில் எந்தெந்த டிஸ்க்கின் பெயர் தெரிகிறது? டிஸ்க் மேனேஜ்மென்டின் கீழ்ப்பாதியில் என்னென்ன இருக்கிறது? எஸ்எஸ்டியின் தங்கப் பல் வரிசையில் எத்தனை வெட்டு?

நுவரெலியா டீச்சர்:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும் அண்ணா. எங்கள் வீட்டிலும் ஒரு டிஸ்க் வரும், போகும். ஈரம்தான் காரணம். பனி இறங்குகிற பக்கத்து ஜன்னலோரம் கம்ப்யூட்டர் இருந்தது, கனெக்டர் தங்கத்தில் மங்கல் படிந்திருந்தது. பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்த பிறகு இரண்டு வருசமாகத் தொல்லை இல்லை. கேபிளையும் கழற்றி மாட்டிப் பாருங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் செய்யுங்கள், சும்மா ஷட்டவுன் போதாது.

தலவாக்கலை ஸ்டூடியோக்காரன்:

நன்றி டீச்சர், கேபிளை மாற்றிப் பார்த்தேன், மாற்றமில்லை. ரிப்பேர் அண்ணே, பதில் இதோ.

பயோஸில் எஸ்எஸ்டி தெரிகிறது, 1 டிபி தெரிகிறது. 2 டிபி இல்லவே இல்லை. ஆனால் அது செத்துப்போகவில்லை. மூடியைத் திறந்து வைத்து, சுவிட்சைப் போட்டுவிட்டு டிஸ்க்கின் முதுகில் இரண்டு விரலை வைத்துப் பார்த்தேன். முதலில் ஒரு உதறல், பிறகு சன்னமாக ஒரே சீரான அதிர்வு. தப்பு மேளத்தை நெருப்பில் காய்ச்சிய பிறகு தோலில் விரலை வைத்தால் ஒரு விறைப்பு தெரியுமே, அது மாதிரி. 'டக் டக்' சத்தம் ஏதும் இல்லை.

டிஸ்க் மேனேஜ்மென்டில் 1 டிபி இருக்கிறது, ஆனால் பக்கத்தில் கீழ்நோக்கிய சிவப்பு அம்புக்குறி, 'ஆஃப்லைன்'. அதன் மேல் மவுஸை வைத்தால் 'சிக்னேச்சர் கொலிஷன்' என்று ஏதோ வருகிறது. எஸ்எஸ்டியில் வெட்டு இரண்டு.

ஹட்டன் ரிப்பேர்:

மூச்சு விடுங்கள். இரண்டும் இரண்டு தனித்தனி நோய், ஒரே நாளில் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

முதலில் 1 டிபி. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் உள்ளே ஒரு அடையாள எண் உண்டு. நீங்கள் குளோன் செய்த சாஃப்ட்வேர் அந்த எண்ணையும் சேர்த்துப் படியெடுத்துவிட்டது. ஒரே அடையாள அட்டை நம்பரில் இரண்டு பேர் வந்து நின்றால் கிராம சேவகர் என்ன செய்வார்? ஒருவரை உள்ளே விட்டு மற்றவரை வெளியே நிறுத்துவார். விண்டோஸ் செய்ததும் அதேதான். 'டிஸ்க்' என்று எழுதியிருக்கும் சாம்பல் கட்டத்தில் ரைட் கிளிக் செய்து 'ஆன்லைன்' கொடுங்கள். அதற்குப் புது எண் எழுதிக்கொண்டு உள்ளே வரும், ஃபைல்களுக்கு ஒன்றும் ஆகாது. ஒன்று மட்டும்: அதற்குப் பிறகு அந்தப் பழைய டிஸ்க்கிலிருந்து தனியாக பூட் ஆகாமல் போகலாம். எஸ்எஸ்டி ஒழுங்காக ஓடுகிறதா என்று இரண்டு மூன்று தடவை ரீஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

இனி 2 டிபி. சுற்றுகிறது, பயோஸில் தெரியவில்லை. அப்படியென்றால் பவர் சரி, டேட்டா வழிதான் அடைபட்டிருக்கிறது. இரண்டு வெட்டு உள்ள எம்.2 பெரும்பாலும் சாட்டா வகை, அதாவது உங்கள் ஹார்ட் டிஸ்க் கேபிளில் போகிற அதே வழி. பல போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டும் சாதாரண சாட்டா போர்ட் ஒன்றும் ஒரே வழியைப் பங்கு போடும். ஸ்லாட்டில் கார்டு ஏறினால் அந்த போர்ட் அணைந்துவிடும். சில போர்டுகளில் என்விஎம்இ என்ற இன்னும் வேகமான வகை கார்டு போட்டாலும் இதே கதை. மேனுவலில் சாட்டா போர்ட் படம் இருக்கும் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், யாரும் வாசிப்பதில்லை. நானும் முதல் தடவை வாசிக்காமல், நல்லாயிருந்த டிஸ்க்கை 'செத்துவிட்டது' என்று ஒரு வாடிக்கையாளரிடம் சொல்லித் தொலைத்தேன். பாவம், அவர் அழாத குறை. கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றுங்கள்.

கொட்டகலைப் பொடியன்:

அண்ணே மன்னிச்சிருங்க. எனக்கு அப்படிச் செய்து சரியானது, அதான் சொன்னேன்.

தலவாக்கலை ஸ்டூடியோக்காரன்:

வந்துவிட்டது, வந்துவிட்டது!

2 டிபி கேபிள் ஐந்தாம் போர்ட்டில் இருந்தது. மேனுவலின் பொடி எழுத்தும் அதையேதான் சொல்கிறது. இரண்டாம் போர்ட்டுக்கு மாற்றினேன், ஈ அப்படியே ஈ-யாக வந்து உட்கார்ந்துவிட்டது. இப்போது யோசித்தால், குளோன் செய்தபோதே அந்தப் பட்டியலில் 2 டிபி இருந்திருக்காது. நான் கவனிக்கவில்லை, வேகம் வரப்போகிறது என்ற குசியில் இருந்தேன்.

1 டிபியை ஆன்லைன் செய்ததும் பழைய சி எஃப்-ஆகவும், டி ஜி-யாகவும் வந்தன. வீடியோ வெட்டி ஒட்டும் பிரீமியரில் பழைய புராஜெக்டைத் திறந்தால் 'ஃபைல் எங்கே, ஃபைல் எங்கே' என்று வரிசையாகக் கேட்டது. டிஸ்க் மேனேஜ்மென்டில் 'சேஞ்ச் டிரைவ் லெட்டர்' போய் ஜி-யை டி ஆக்கினேன், வாயை மூடிக்கொண்டது. தம்பி, மனசில் வைத்துக்கொள்ளாதே, நீ சொன்னதை நான் செய்யவில்லையே.

பதுளைக்காரி:

இதே இழையில் கேட்கலாமா? நான் 4 டிபி டிஸ்க் புதுசாக வாங்கினேன், உள்ளே ஒன்றும் இல்லை. இனிஷியலைஸ் கேட்கிறது, அதில் எம்பிஆர், ஜிபிடி என்று இரண்டு. மேலே படித்ததும் கை நடுங்குகிறது.

ஹட்டன் ரிப்பேர்:

நடுங்க வேண்டாம் தங்கச்சி, வெறும் டிஸ்க் என்றால் அதுதான் வழி. இரண்டும் நான் மேலே சொன்ன அட்டவணையை எழுதும் முறைகள்தான், ஜிபிடி கொடுங்கள். எம்பிஆர் கொடுத்தால் 2 டிபிக்கு மேல் உள்ள இடம் பயன்படாது. ஓகே கொடுக்கும் முன் கட்டத்தில் உள்ள அளவைப் பாருங்கள், அது உங்கள் 4 டிபிதானா என்று.

ஸ்டூடியோ அண்ணே, ஈ-யை இன்னொரு டிஸ்க்கில் படியெடுக்கத் தொடங்கியாச்சா?

தலவாக்கலை ஸ்டூடியோக்காரன்:

ஓடிக்கொண்டிருக்கிறது அண்ணே. மச்சானின் வெளி டிஸ்க்கைப் பறித்து வந்து போட்டிருக்கிறேன், யுஎஸ்பி 2.0, இன்னும் ஒன்றரை மணி நேரம் காட்டுகிறது. கடை வாசலில் நின்றால் மேல் கொத்மலை நீர்த்தேக்கம் தெரியும், 150 மெகாவாட் திட்டம். ஆனாலும் மழை பிடித்தால் எங்களுக்கு லைட் மினுக்கும். இப்போது யூபிஎஸ் ஒரு தடவை 'பீப்' என்றது. நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன், பிளேன்டீ கடைக்குக்கூடப் போகவில்லை.