கேலக்ஸி எஸ்5: லோகோவைத் தாண்டவே மாட்டேன் என்கிறது

மூன்று நாளாகப் போராடுகிறேன், உதவுங்கள். போன் சாம்சங் கேலக்ஸி எஸ்5, மாடல் ஜி900எஃப், 2 ஜிபி ரேம், மதுரையில் பழையதாக வாங்கியது, ஆண்ட்ராய்டு 5-இல் இருந்தது. சனிக்கிழமை ஹெய்ம்டாலில் (கணினியிலிருந்து சாம்சங் போனில் மென்பொருள் ஏற்றும் கருவி) ரிக்கவரி (புது ஓஎஸ் போட உதவும் தனி மெனு) ஏற்றி, டேட்டாவை ஃபார்மேட் செய்து லினியேஜ் ஓஎஸ் 18.1 (கம்பெனி ஆண்ட்ராய்டுக்குப் பதிலாகப் போடும் இலவச ஆண்ட்ராய்டு) போட்டேன். பிழை எதுவும் வரவில்லை, ஆனால் ஆன் செய்தால் லினியேஜ் லோகோ மட்டும் 40 நிமிடம் ஓடுகிறது, போன் வேறு அடுப்பு மாதிரி சுடுகிறது.

மறுபடி டவுன்லோட் செய்து செக்சம் (ஃபைல் சிதையாமல் வந்ததா என்று காட்டும் எண்) பார்த்தேன், சரியாகத்தான் இருக்கிறது. கேபிள் மாற்றினேன், சிம், மெமரி கார்டு இரண்டையும் கழற்றினேன், கூகுள் ஆப்ஸ் இல்லாமலும் போட்டுப் பார்த்துவிட்டேன். அதே லோகோதான். ரிக்கவரி, டவுன்லோட் மோட் (கணினியிலிருந்து மென்பொருள் ஏற்றும் நிலை) இரண்டுக்கும் போகிறது, அதுவரை நிம்மதி.

பழைய ஆண்ட்ராய்டு 5 ஃபர்ம்வேர் (போனின் அடிப்படை மென்பொருள்) மீதே போட்டதுதான் தப்போ என்று இப்போது சந்தேகம். ஓடினில் (சாம்சங் போனில் மென்பொருள் ஏற்றும் இன்னொரு கருவி) சாம்சங்கின் சொந்த ஆண்ட்ராய்டு 6.0.1 ஸ்டாக்கை ஏற்றிவிட்டு மறுபடி லினியேஜ் போட்டால் சரியாகுமா?