1966 எம்ஜிபி: பாயிண்டுக்குப் பதிலாக எலக்ட்ரானிக் இக்னிஷன் பொருத்தலாமா?

கேள்வி:
என்னுடைய 1966 எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரின் 1798 சிசி எஞ்சினில், ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் லூகாஸ் 25டி4 டிஸ்ட்ரிபியூட்டர் உள்ளது. அதனுள் மின்னோட்டத்தை இணைத்துத் துண்டிக்கும் பாயிண்டின் இடைவெளியை 0.015 அங்குலத்துக்குச் சரிசெய்தாலும் சில வாரங்களில் அது குறைந்துவிடுகிறது. சூடேறியபின் ஐடிலிங்கும் தடுமாறுகிறது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள்ளேயே அடங்கிவிடும் எலக்ட்ரானிக் மாட்யூலைப் பொருத்த விரும்புகிறேன். வண்டி இன்னும் பாசிட்டிவ் எர்த்தில்தான் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்த அமைப்பு) இருக்கிறது. ஸ்பார்க்குக்கான உயர் மின்னழுத்தத்தைத் தரும் காயிலையும் மாற்ற வேண்டுமா?

மறுமொழி 1:
பாசிட்டிவ் எர்த்துக்கென்றே தயாரித்த மாட்யூலைக் கேட்டு வாங்குங்கள். நெகட்டிவ் எர்த்துக்கானதை இணைத்தால் சாவியைத் திருப்பியதுமே அது கருகிவிடக்கூடும். மாட்யூலுக்காக வண்டியையே நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றுவது வீண் வேலை என்பது என் கருத்து. இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள இரண்டு 6 வோல்ட் பேட்டரிகளின் இணைப்பைத் திருப்புவதோடு அது முடியாது. டைனமோவுக்கு மறுபடி துருவமேற்ற வேண்டும், ஆர்பிஎம் மீட்டரைப் பிரித்து உள் இணைப்புகளையும் மாற்ற வேண்டும். காயிலைப் பொறுத்தவரை, ஒயர்களைக் கழற்றிவிட்டு அதன் இரு சிறு முனைகளுக்கிடையே மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். சுமார் 3 ஓம் காட்டினால் அதையே வைத்துக்கொள்ளலாம். 1.5 ஓம் காட்டினால் அது தனி மின்தடையோடு (பேலஸ்ட்) சேர்ந்து இயங்கும் வகைக் காயில். அதை நேரடியாக 12 வோல்ட்டில் இணைத்தால் மின்னோட்டம் ஏறக்குறைய இரு மடங்காகி மாட்யூலைச் சுட்டுவிடும்.

மறுமொழி 2:
வாங்கும் முன் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் சுழலும் ரோட்டாரைக் கழற்றிவிட்டு, ஷாஃப்டைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் ஷாஃப்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் பாயிண்ட் இடைவெளி மாறுவதால் ஸ்பார்க் விழும் நேரம் (டைமிங்) அலைபாயும். மாட்யூல் இதை ஓரளவு மறைக்குமே தவிர, தேய்மானத்தையோ வேகத்துக்கேற்ப டைமிங்கை மாற்ற உதவும் அட்வான்ஸ் ஸ்பிரிங்குகள் தளர்ந்துபோயிருப்பதையோ சரிசெய்யாது. இடைவெளி சீக்கிரம் குறைவதற்குப் பெரும்பாலும் பாயிண்டைத் திறக்கும் கேமில் கிரீஸ் இல்லாமல் பாயிண்டின் குதிப்பகுதி தேய்வதே காரணம். ரோட்டாரையும் கவனியுங்கள்: இப்போது கிடைக்கும் மலிவான ரோட்டார்களில் சில, நடுவிலுள்ள ரிவெட் வழியாக ஷாஃப்டுக்கு மின்சாரத்தைக் கசியவிடுகின்றன. ரிவெட் இல்லாத வகையே நல்லது.

கேட்டவர்:
காயில் 3.1 ஓம் காட்டுகிறது. ஷாஃப்டில் ஆட்டம் கையிலேயே தெரிகிறது.

மறுமொழி 2:
அப்படியானால் முதலில் டிஸ்ட்ரிபியூட்டரைப் புதுப்பிக்கக் கொடுங்கள். அதன்பின் மாட்யூலைப் பொருத்தி, வேக்குவம் குழாயைக் கழற்றிவிட்டு, ஸ்ட்ரோப் லைட்டால் 600 ஆர்பிஎம்மில், பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 14 டிகிரி முன்பாக டைமிங்கை வையுங்கள். எஞ்சின் ஓடாதபோது இக்னிஷன் சாவியை ஆனில் விட்டுவிடாதீர்கள். பழைய வடிவமைப்பு மாட்யூல்கள் அதைத் தாங்குவதில்லை.