மறு: ‘ஸ்டேல் ஃபைல் ஹேண்டில்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

தெம்பனிஸிலிருந்து:
சிங்கப்பூர்ச் சமூக மன்ற ஞாயிறு வகுப்புக்கான கிட் (நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் மென்பொருள்) கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. என்எஃப்எஸ் பகிர்வில் (வலையமைப்பு வழியே பல கணினிகள் பகிரும் கோப்பிடம்) கிட் களஞ்சியம் வைத்தால் வரும் இந்த ‘ஸ்டேல் ஃபைல் ஹேண்டில்’ பிழைக்குக் ‘காலாவதியான கோப்புக் கைப்பிடி’ என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

ஈசூனிலிருந்து:
காலாவதி என்றால் தவணை உண்டு. இங்கே தவணையே இல்லை. ஒரு கணினி பேக் கோப்பை (கிட் தரவைச் சுருக்கிச் சேர்த்து வைப்பது) திறந்து வைத்திருக்க, இன்னொன்று துப்புரவுக் கட்டளையான ‘கிட் ஜிசி’ ஓட்டி அதை அழித்துவிடுகிறது. வழங்கியில் (சர்வரில்) அந்த ஐநோடு, அதாவது கோப்பின் உட்பதிவு, போயிற்று. முதல் கணினியிடம் மிஞ்சுவது அதன் அடையாளம் மட்டுமே. அதே கணினி அழித்திருந்தால் ‘.என்எஃப்எஸ்’ என்று தொடங்கும் மறைகோப்பாகப் பெயர் மாறி, மூடும்வரை பிழைத்திருக்கும். ஆகவே ‘செல்லாப் பிடி’. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், ஒற்று மிகும்.

பிடோக்கிலிருந்து:
பிடி என்றால் பெண்யானையும்தான் ஐயா. சங்கப் பாடல் படித்தவருக்கு ‘செல்லாப் பிடி’ நகராத யானை. ‘ஊழ்த்த பற்று’ என்று வைக்கலாம். ஊழ்த்தல் முதிர்ந்து உதிர்வது.

ஈசூனிலிருந்து:
குறள் 650-இல் ‘இணரூழ்த்தும்’ என்பதற்கு மலர்தல் என்றல்லவா உரை? பற்றோ வரவு செலவுக் கணக்கில் உட்கார்ந்துவிட்டது. வேலை முடிந்து வந்து படிப்பவருக்கு உரையாசிரியரைத் துணைக்கு அனுப்ப முடியாது.

தோ பாயோவிலிருந்து:
இரண்டு ‘ஸ்டேல்’ இருப்பதை யாரும் கவனிக்கவில்லை. லினக்ஸ், கோப்புப் பண்புகளை 3 முதல் 60 விநாடி வரையும் அடைவுப் பண்புகளை 30 முதல் 60 விநாடி வரையும் கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) வைத்திருக்கும். பக்கத்துக் கணினியில் செய்த கமிட் (கிட்டில் பதிந்த மாற்றம்) உடனே தெரியாதது அதனால். அது பழையது, ஆனால் செல்லும். சற்றுப் பொறுத்தால் தானே சரியாகும். இந்தப் பிடி பொறுத்தாலும் செல்லாது. இரண்டுக்கும் ஒரே சொல் கூடாது.

கையேட்டில் இதையும் சேருங்கள்: அடைவைவிட்டு வெளியேறி மீண்டும் நுழைக. பிழை நீங்காவிட்டால் பகிர்வை யுமவுன்ட் (இணைப்பு நீக்கம்) செய்து மறுபடி மவுன்ட் (இணைப்பு) செய்க. கிட்டின் பூட்டுக் கோப்பான ‘இன்டெக்ஸ்.லாக்’ மிஞ்சியிருந்தால் அவசரப்பட்டு அழிக்கக் கூடாது. ‘பிஎஸ்’ கட்டளை அந்தக் கணினியில் ஓடுவதை மட்டுமே காட்டும், பூட்டியது வேறு கணினியாக இருக்கலாம். ஒவ்வொன்றிலும் பார்த்த பிறகே அழிக்க வேண்டும். பயனர் கணினிகளில் ‘ஜிசி.ஆட்டோ’ 0 என வைத்து (ஜிசி தானாக ஓடாதபடி), யாரும் வேலை செய்யாத நேரத்தில் வழங்கியில் மட்டும் ஜிசி ஓட்டுவது நல்லது. அதைவிட நல்லது, வழங்கியில் ‘பேர்’ (வேலைக் கோப்புகள் இல்லாத) களஞ்சியம் வைத்து, எஸ்எஸ்எச் (பாதுகாப்பான தொலை இணைப்பு) வழியே அவரவர் வட்டில் குளோன் (முழு நகல்) எடுப்பது.

தெம்பனிஸிலிருந்து:
அப்படியானால் ‘செல்லாப் பிடி’, ‘பழைய கேஷ்’ என்று இரண்டாகப் பிரிக்கிறேன். திரையில் வருவது ஆங்கிலச் செய்தி என்பதால், முதல் இடத்தில் அதன் ஒலிபெயர்ப்பும் இருக்கும். வேறு மறுப்பு இல்லாவிட்டால் இன்றிரவு அனுப்பிவிடுகிறேன்.

பிடோக்கிலிருந்து:
‘செல்லா’ சரி, ‘பிடி’யை நான் ஏற்கவில்லை. கேஷுக்கும் ‘தேக்கம்’ இருக்கிறதே! அடுத்த பதிப்புக்கு முன் மறுபடி எழுதுகிறேன்.